'வெளியேறு' என்று பொத்தானில் போடலாமா?

தறிச்சத்தம்:
எங்கள் ஊர் நெசவாளர் சங்கத்துக்கு ஒரு தளம் செய்துகொண்டிருக்கிறேன். நூல் இருப்பு, கூலிக் கணக்கு எல்லாம் உறுப்பினர்களே போனில் பார்த்துக்கொள்ளலாம். பொத்தான்களுக்குத் தமிழ் எழுதியது நான்தான்: சேமி, தேடு, உள்நுழை, வெளியேறு. போன வாரம் எழுபது தாண்டிய நெசவாளர் ஒருவரிடம் காட்டினேன். கணக்கைப் பார்த்து முடித்தவர், 'வெளியேறு' என்பதை வாய்விட்டுப் படித்தார். "நாப்பது வருஷமா பங்கு வச்சிருக்கேன் தம்பி, என்னையே வெளியேறுங்குதே" என்றார். கோபமில்லை, முகம்தான் வாடிவிட்டது. அந்த முகம் என் மனசை விட்டுப் போகவில்லை. எல்லாவற்றையும் '-வும்' போட்டு மாற்றிப் பார்த்தேன். 'பதிவிறக்கவும்' சின்னத் திரையில் இரண்டு வரியாக மடங்குகிறது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

பனங்காடு:
எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். 'சேமி', 'தேடு', 'அழி' எல்லாம் நாம் கணினிக்கு இடும் வேலை, அங்கே ஒருமை சரி. உள்ளே வருவதும் வெளியே போவதும் ஆள்தான். அங்கே அதே ஒருமை ஆள்மேல் விழுகிறது. 'காத்திரு' கூட அப்படித்தான். தமிழ் விக்கிப்பீடியாவில் புகுபதிகை, விடுபதிகை என்று பெயர்ச்சொல்லாக வைத்திருக்கிறார்கள், யாரையும் ஏவவில்லை.

சாக்பீஸ்:
தமிழாசிரியராகச் சொல்கிறேன், 'வெளியேறுக' என்று வியங்கோளில் போடலாம். ஓர் எழுத்துதான் கூடுகிறது, மரியாதையும் வந்துவிடுகிறது. ஆனால் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று வினாத்தாளில் படித்துப் பழகியவர்களுக்குத் தேர்வு எழுத உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கடனீரேரி:
நான் யாழ்ப்பாணம். எங்களிடம் நீ, நீங்கள் இரண்டுக்கும் நடுவில் 'நீர்' உண்டு. 'இரும்', 'சொல்லும்' என்று ஒத்த வயதுக்காரரிடம் சொல்லலாம், பெரியவர்களிடம் சொல்லமாட்டோம். அதனால் தளத்தில் 'நீங்கள்' மட்டும்தான் எல்லோருக்கும் பொது. இன்னொன்று: பிழைச்செய்தி. 'தவறான கடவுச்சொல்' என்றால் அதட்டுகிற மாதிரி இருக்கிறது. 'கடவுச்சொல் பொருந்தவில்லை, மறுபடி பாருங்கள்' என்று நான் எழுதுவேன்.

தறிச்சத்தம்:
மூவருக்கும் நன்றி. வேலை கணினியுடையதா, ஆளுடையதா என்ற கேள்வியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சேமி, தேடு அப்படியே இருக்கின்றன. 'உள்நுழை' இப்போது 'உள்நுழைவு'. 'காத்திரு' என்ற இடத்தில் 'உங்கள் கணக்கு வந்துகொண்டிருக்கிறது' என்று போட்டுவிட்டேன். பிழைச்செய்தியைக் கடனீரேரி சொன்னபடியே எடுத்துக்கொண்டேன்.

'வெளியேறு'தான் இரண்டு நாள் இழுத்தது. விடுபதிகை என்றால் எங்கள் ஆட்களுக்குப் புரியாது. அப்புறம்தான் தோன்றியது, நம் வீடுகளில் கிளம்பும்போது 'போகிறேன்' என்றுகூட யாரும் சொல்வதில்லையே. பொத்தானில் 'போய் வருகிறேன்' என்று வைத்தேன். பட்டியலின் அடியில் தனியாக இருப்பதால் இடமும் போதுமாக இருக்கிறது. நேற்று அதே பெரியவரிடம் போனைக் கொடுத்தேன். கணக்கைப் பார்த்தார், "போய் வருகிறேன்" என்று படித்துக்கொண்டே அழுத்தினார், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போனார்.