ஆங்கில உச்சரிப்பு: தேர்ச்சி கூடக்கூடப் பிழை இடம் மாறுகிறது (அனுபவப் பகிர்வு)

தொடக்கப் பதிவு
தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுத்தருபவர்கள், வகுப்பில் காதில் விழுவதை நிலைவாரியாக எழுதுங்கள்.

தொடக்க நிலையில் முதலில் கேட்பது கூடுதல் உயிர்: ‘இஸ்கூல்’, ‘பஸ்ஸு’. தமிழ்ச் சொல் மெய்க்கூட்டத்தில் தொடங்காது, வல்லின மெய்யிலோ ‘ஸ்’ஸிலோ முடியாது. அந்த விதியை நாக்கு ஆங்கிலத்திலும் காப்பாற்றுகிறது. இதைச் சோம்பல் என்று திட்டுவது தவறு. பற்களைச் சேர்த்துவைத்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரண்டு நொடி இழுத்து, மூச்சை நிறுத்தாமல் ‘கூல்’ சேர்க்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்துகொண்டு தொடங்கினால் ‘இ’ வந்துவிடும். பத்து முறை ஆனதும் இழுப்பைக் குறைக்கலாம்.

மறுமொழி 1
இடைநிலையில வேற மாதிரி. பேச்சுல ‘எலி’யை ‘யெலி’ன்னு, ‘ஒண்ணு’வை ‘வொண்ணு’ன்னு சொல்ற பழக்கம்தான் ‘யெவ்ரி’, ‘வொன்லி’யா வருது. அதைத் திருத்தினதும் பிள்ளைங்க தேவையான யகரத்தையும் விட்டுடுறாங்க: ஆண்டைச் சொல்ற ‘யியர்’, காதைச் சொல்ற ‘இயர்’ ஆயிடும். இது பின்னடைவு இல்லைங்க. தாய்மொழித் தாக்கத்தால வர்ற பிழை படிப்படியா குறையும், கற்கும் போக்குல முளைக்கிற பிழை ஏறி அப்புறம் இறங்கும்னு மொழியியலாளர் ராய் மேஜர் 1987லயே சொல்லியிருக்கார். இந்தக் கட்டத்துல தனிச்சொல் வேண்டாம், ரெண்டையும் ஒரே வாக்கியத்துல வெச்சுப் பழக்குங்க.

மறுமொழி 2
சரளமாகப் பேசுபவர்களிடம் மிஞ்சுவது நுட்பமானது. குண்டூசிக்கும் ‘பின்’, குப்பைத் தொட்டிக்கும் ‘பின்’. தமிழில் எழுத்தும் ஒன்றே. ஆங்கிலத்தில் குண்டூசியின் பகரம் மூச்சு வெடிப்போடு வரும். நம் பகரத்தில் அந்த மூச்சு இல்லாததால் ஆங்கிலக் காதுக்குக் குப்பைத் தொட்டியாகிவிடுகிறது. மெல்லிய தாளை உதட்டுக்கு முன்னால் நான்கு விரற்கடை தள்ளிப் பிடித்துச் சொன்னால் தாள் ஆட வேண்டும். ‘ஸ்பின்’ சொல்லும்போது ஆடக்கூடாது. அங்கே தமிழ்ப் பகரமே சரி. முற்றிலும் புதிய ஒலியைவிட, தாய்மொழி ஒலியை ஒத்த ஒலிதான் நெடுநாள் ஏமாற்றும் என்பது பேச்சொலி ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளெக் 1995இல் விளக்கிய கோட்பாடு. தேர்ந்த பேச்சிலும் பகரம் இடறுவது அதனால்தான்.

‘ப்ரைஸ்’ஸும் அப்படியே. பரிசைக் குறிக்கும்போது கடைசி ஒலியில் தொண்டை அதிர்வது மட்டும் போதாது, அதற்கு முந்திய ‘ஐ’ நீள வேண்டும். விலையைக் குறிக்கும்போது குறுக வேண்டும். பெரும்பாலோர் அதிர்வை மட்டுமே கற்றுக்கொள்கிறார்கள். நீளத்தைக் கற்றால் வேறுபாடு சட்டென்று தெளிகிறது.

அழுத்தம் இன்னும் பிந்தித்தான் வசப்படும். ‘போட்டோகிராஃப்’ முதல் அசையில், ‘போட்டோகிராஃபி’ இரண்டாம் அசையில். அழுத்தம் இல்லாத அசைகளின் உயிரைத் தேய்த்துவிட வேண்டும். நாமோ எல்லா அசைக்கும் முழு மாத்திரை கொடுத்துவிடுகிறோம்.

மறுமொழி 3
எதை முதலில் திருத்துவது என்பதுதான் முக்கியம். அயல்சாயல் பலமாக இருந்தும் பேச்சு முழுக்கப் புரியலாம் என்று ஆய்வாளர்கள் மன்ரோவும் டெர்விங்கும் 1995இல் காட்டினார்கள். ஆகவே பொருள் மாறும் இடங்களை முதலில் எடுங்கள்.

நிலையைச் சோதிக்கச் சொற்பட்டியல், ஒரு பத்தி, இரண்டு நிமிடச் சொந்தப் பேச்சு என மூன்றையும் பதிவு செய்யுங்கள். பட்டியலில் மறைந்த பிழை சொந்தப் பேச்சில் திரும்பினால், ஒலி தெரியும், பழகவில்லை என்று பொருள். பட்டியலிலேயே வந்தால், பேச வைக்கும் முன் காதுக்குப் பயிற்சி கொடுங்கள்.