பில்டு ஆகிறது, இம்போர்ட்டில் ‘அன்டிஃபைன்டு சிம்பல்’: பைத்தான் சி மாட்யூல்

பாயான்_லெப்பாஸ்:
வணக்கம். தொழிற்சாலை அளவுக் கருவி ஒன்றின் சி லைப்ரரியை (லிப்கேஜ்.எஸ்ஓ, இருப்பது /ஆப்ட்/கேஜ்/லிப்) பைத்தானிலிருந்து அழைக்கச் சின்ன எக்ஸ்டென்ஷன் மாட்யூல் எழுதியிருக்கிறேன். உபுண்டு 24.04, பைத்தான் 3.12. லைப்ரரியை எல்டிஃபிளாக்ஸ் மாறியில் (லிங்க் ஆப்ஷன்களுக்கான சூழல் மாறி) -எல் ஆப்ஷனாகக் கொடுத்தேன். பில்டு ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் முடிகிறது. இம்போர்ட் செய்தால் ‘அன்டிஃபைன்டு சிம்பல்: கேஜ்_ஓப்பன்’. என்எம் (லைப்ரரியில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் கருவி) ஓட்டிப் பார்த்தால் லைப்ரரியில் அந்த ஃபங்ஷன் இருக்கிறது. கோலாலம்பூர் சர்வரிலும் (உபுண்டு 22.04) இதே மாட்யூல் ஓட வேண்டும்.

ஜெலுத்தோங்:
வரிசைதான் கோளாறு. எல்டிஃபிளாக்ஸில் போட்டது லிங்க் கட்டளையில் உங்கள் .ஓ கோப்புகளுக்கு (கம்பைல் ஆன சி கோப்புகள்) முன்னால் போய் நிற்கும். உபுண்டுவின் ஜிசிசி இயல்பாகவே ‘ஆஸ்-நீடட்’ போட்டுத்தான் லிங்கரை (கோப்புகளை ஒன்றாக இணைக்கும் நிரல்) அழைக்கிறது. அதுவரை யாரும் கேட்காத லைப்ரரியை லிங்கர் விட்டுவிடும். கேஜ்_ஓப்பன் கேட்கிற கோப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. .எஸ்ஓ உருவாக்கும்போது தீராத சிம்பல் இருந்தாலும் லிங்கர் தடுக்காது. பைத்தானின் சொந்த ஃபங்ஷன்களே இம்போர்ட் நேரத்தில்தான் இணைகின்றன.

செட்டப்.பிஒய்யின் எக்ஸ்டென்ஷனுக்குள் பெயரை லைப்ரரீஸிலும், பாதையை லைப்ரரி_டிர்ஸிலும் கொடுங்கள், .ஓவுக்குப் பின்னால் வந்துவிடும். ஆனால் செட்டப்.பிஒய்யை மட்டும் திருத்தினால் செட்டப்டூல்ஸ் மறுபடி லிங்க் செய்யாது, அது சோர்ஸ் கோப்புகளின் நேரத்தைத்தான் பார்க்கும். பில்டு ஃபோல்டரையும் பழைய .எஸ்ஓவையும் அழித்துவிட்டு ஓட்டுங்கள். இதை மறந்தால் சரியான திருத்தமும் பலிக்காதது போலத் தெரியும். முடிந்ததும் ரீட்எல்ஃப் -டி காட்டும் ‘நீடட்’ வரிகளில் லிப்கேஜ் இருக்கிறதா பாருங்கள்.

ஆயர்_ஈத்தாம்:
அது சரியானதும் ‘கேனாட் ஓப்பன் ஷேர்ட் ஆப்ஜெக்ட் ஃபைல்’ வரும். /ஆப்ட் என்பது லோடர் (ஓடும்போது லைப்ரரிகளை ஏற்றும் நிரல்) தானாகத் தேடும் இடமில்லை. ரன்டைம்_லைப்ரரி_டிர்ஸில் அந்தப் பாதையைக் கொடுத்தால் .எஸ்ஓவுக்குள்ளேயே பதிந்துவிடும். எல்டி_லைப்ரரி_பாத் சோதனைக்கு மட்டும் போதும். சிஸ்டம்டி சர்வீஸாக ஓடும்போது ஷெல்லில் வைத்த மதிப்பு அங்கே போய்ச் சேராது.

பின்னால் கோப்பை சி++க்கு மாற்றினால் ஒன்றைக் கவனியுங்கள்: பிழையில் பெயர் ‘_இசட்10கேஜ்_ஓப்பன்...’ என்று தொடங்கினால் (10 என்பது பெயரின் எழுத்தெண்ணிக்கை) லிங்க்கில் தவறில்லை, ஹெடரில் எக்ஸ்டர்ன் "சி" விடுபட்டிருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ்:
24.04இல் கட்டிய .எஸ்ஓவை அப்படியே கோலாலம்பூருக்குக் கொண்டுபோகாதீர்கள். கோப்புப் பெயரிலேயே சிபைத்தான்-312 இருக்கும், 22.04இன் பைத்தான் 3.10, அதனால் கோப்பைக் கண்டுகொள்ளாது. பெயரை மாற்றி ஏமாற்றினால் இன்டர்பிரட்டரே விழக்கூடும். கிளிப்சியும் (சிஸ்டத்தின் அடிப்படை சி லைப்ரரி) அங்கே 2.35, உங்களிடம் 2.39.

பழையதில் கட்டிப் புதியதில் ஓட்டுவதே வழி. 22.04 கன்டெய்னரில், பிஒய்_லிமிட்டட்_ஏபிஐ என்ற சி மேக்ரோவை 0எக்ஸ்030ஏ0000 (அதாவது 3.10) என்று வரையறுத்து, எக்ஸ்டென்ஷனில் பிஒய்_லிமிட்டட்_ஏபிஐ=ட்ரூ கொடுத்துக் கட்டுங்கள். ஏபிஐ3 என்ற பெயரில் வரும் ஒரே கோப்பு 3.10, 3.12 இரண்டிலும் ஓடும். உங்கள் சி கோப்பு அந்த வரம்புக்குள் இல்லாத ஃபங்ஷன்களை அழைத்தால் கம்பைலரே காட்டிவிடும். லிப்கேஜ் எந்தக் கிளிப்சி பதிப்பைக் கேட்கிறது என்பதையும் ஆப்ஜ்டம்ப் -டியில் (பெரிய எழுத்து T) பார்த்துவிடுங்கள், 2.35ஐத் தாண்டினால் கருவி தந்தவரிடம் பழைய பில்டு கேட்க வேண்டியதுதான்.