கலைச்சொல் விவாதம்: டயர் உருள்கிறதா, மடங்குகிறதா?

மடல் 1

வணக்கம்.

ஆட்டோகிராஸ் என்ற கார்ப் போட்டியைக் ‘கூம்போட்டம்’ என்று எழுதலாம் என்று போன வாரம் இந்தக் கலைச்சொல் மடற்குழுவில் ஒத்துக்கொண்டோம். பிரிட்டனில் அதே பெயரில் புல்வெளியிலும் மண்ணிலும் ஓட்டுகிறார்களே, அங்கே கூம்பு எங்கே என்று கேட்டவருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை. நான் தமிழாக்கும் கையேடு, தார்த் தளத்தில் கூம்புகளை அடுக்கி, ஒரு நேரத்தில் ஒரு காரை மட்டும் விட்டு நேரம் குறிக்கும் போட்டியைப் பற்றியது. ஓர் ஓட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கார் அநேகமாக இரண்டாம் கியரிலேயே இருக்கும்.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது டயர் அத்தியாயத்தில். முன்சக்கரங்கள் இழுக்கும் சிறிய ஹேட்ச்பேக் காருக்கு ரிம், டயர், காற்றழுத்தம் மூன்றையும் எப்படித் தேர்வது என்பது அதன் பொருள். (ஹேட்ச்பேக்கைப் ‘பின்கதவுச் சிற்றுந்து’ ஆக்கச் சொல்லி யாரும் மடல் அனுப்ப வேண்டாம்.) அதில் ‘டயர் ரோல் ஓவர்’ என்றொரு தொடர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. நம் வரைவுப் பட்டியலில் அதற்குப் ‘பக்கச்சுவர் உருள்வு’ என்று இருக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. டயர் உருள்வதற்கென்றே பிறந்தது. அது உருள்வதை யாராவது குறை என்று சொல்வார்களா?

நடப்பது இதுதான். இறுக்கமான வளைவில் காரின் எடை வெளிப்பக்க முன்சக்கரத்தின் மேல் போய் விழுகிறது. ரிம் வெளியே தள்ளப்படுகிறது. தரையில் பதிந்த ரப்பரோ இடம்விட்டு அசைய மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட பக்கச்சுவர் வளைந்து ரிம்முக்கு அடியில் போகிறது. நடைப்பரப்பின் (தரையில் உருளும் ரப்பர் முகத்தின்) உள்விளிம்பு லேசாகி, கார் டயரின் தோளிலும் (நடைப்பரப்பு முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் மூலை) கன்னத்திலும் (பக்கச்சுவரின் வெளிமுகம்) நிற்கிறது. ஓடுகிறவன் சட்டென்று திரும்பும்போது பாதத்தின் வெளிவிளிம்பில் உடம்பு முழுவதும் இறங்குமே, அதே நிலை. அதைக் கால் மடங்கிவிட்டது என்கிறோம். ஆகவே ‘மடங்கல்’ என்று முன்மொழிகிறேன்.

இது எனக்கு ஏட்டுப் படிப்பு அல்ல. முதல் போட்டிக்குக் கதவோரத்தில் ஒட்டியிருந்த தாளின்படி 32 பி.எஸ்.ஐ. காற்று பிடித்துக்கொண்டு போனேன். நான்கு ஓட்டம் முடிந்து குனிந்து பார்த்தால், இடது முன்டயரில் தோளையும் தாண்டி அளவு பொறித்திருந்த எழுத்துகள் வரை ரப்பர் சொரசொரத்துக் கிடந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் சாக்பீஸை நீட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு தோளின் குறுக்கே கோடு இழுத்துவிடுகிறேன். பல டயர்களில் தோளோரம் சிறு முக்கோணக் குறி இருக்கும். சாக்பீஸ் அந்தக் குறி வரை அழிந்திருந்தால் சரி. அதைத் தாண்டி அழிந்திருந்தால் மடங்கியிருக்கிறது என்று பொருள், காற்று ஏற்ற வேண்டும். குறியை எட்டாமல் நடைப்பரப்பிலேயே கோடு மிஞ்சியிருந்தால் காற்று அதிகம். வெப்பமானியைக் குத்திப் பார்க்கும் வழியும் உண்டு. ஆனால் ஒரு நிமிட ஓட்டத்தில் டயர் சூடேறுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுவதால், இந்தப் போட்டிக்கு நான் சாக்பீஸையே நம்புகிறேன்.

பட்டியலில் இன்னொரு சொல்லையும் மாற்ற வேண்டும். ரிம்மின் ‘ஆஃப்செட்’ என்பதற்கு ‘ஈடுகட்டல்’ என்று யாரோ போட்டிருக்கிறார்கள். அது வங்கிக் கணக்கில் வரும் சொல். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அச்சோடு பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்பதே இங்கே கேள்வி. ‘நடுவிலகல்’ போதும். அது குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும், ஒரு கட்டத்தில் மட்காப்பில் உரசும்.

அன்புடன்,
டயர் அத்தியாயக்காரன்

மடல் 2

தம்பிக்கு,

‘உருள்வு’ பிழை என்பதை ஏற்கிறேன். ‘மடங்கல்’ என்றால் என் தலைமுறைக்குச் சிங்கம்தான் முன்னால் வந்து நிற்கும். நிகண்டில் கூற்றுவனுக்கும் அந்தப் பெயர் உண்டு. டயர்க் கையேட்டில் சிங்கமும் எமனும் எதற்கு? ‘தோள்மடிவு’ என்று வைத்துக்கொள்ளலாமே. வேண்டுமானால் ‘புரளல்’. பேச்சில் கால் பிரண்டது என்பார்கள், அதன் நல்வடிவம் என்று கொள்ளலாம்.

எனக்குக் கார் தெரியாது, ஆகவே ஒரு பாமரக் கேள்வி. காற்றை நிறைய அடைத்துவிட்டால் மடங்காது என்றால் அடைத்துவிட்டுப் போகலாமே! அதற்கு ஒரு கலைச்சொல்லும் அத்தியாயமும் தேவையா?

இன்னொன்று. ‘ஸ்லிப் ஆங்கிள்’ என்பதற்கு ‘வழுக்குகோணம்’ என்று பட்டியலில் பார்த்தேன். வழுக்கினால் கார் எப்படித் திரும்பும்?

மடல் 3

ஐயா, வணக்கம்.

> வேண்டுமானால் ‘புரளல்’.

வேண்டாம் ஐயா. கார் புரண்டது என்றால் கார் குப்புறக் கவிழ்ந்தது என்றுதான் எல்லாரும் படிப்பார்கள். கையேட்டின் பாதுகாப்புப் பகுதியில் அந்தப் பொருளுக்கே அந்தச் சொல் தேவைப்படும்.

> காற்றை நிறைய அடைத்துவிட்டால்

பாமரக் கேள்வி இல்லை ஐயா, பல ஆண்டுகள் ஓட்டியவர்களும் வழுக்கி விழும் இடம் இது. முதலில், டயரின் கன்னத்தில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு வெகு முன்பே பிடிப்பு குறையத் தொடங்கிவிடும். கணக்கைப் பாருங்கள். 1000 கிலோ காரில் எடையின் 62 விழுக்காடு முன்னால் இருந்தால், நிற்கும்போது ஒவ்வொரு முன்டயருக்கும் 310 கிலோ. 32 பி.எஸ்.ஐ. என்பது ஏறத்தாழ 220 கிலோபாஸ்கல். எடையை அழுத்தத்தால் வகுத்தால் தரையைத் தொடும் இடம் சுமார் 140 சதுர சென்டிமீட்டர், அதாவது ஓர் உள்ளங்கைக்குச் சற்றே கூட. டயரின் உடல் விறைப்பும் கொஞ்சம் தாங்குவதால் இது துல்லியக் கணக்கு இல்லை, ஆனால் போக்கு இதுதான். காற்றை ஏற்றினால் அந்த இடம் சுருங்கும். (அந்த இடத்துக்குப் ‘பதிபரப்பு’ என்று எழுதியிருக்கிறேன். ‘தொடர்புத் திட்டு’ என்று பட்டியலில் இருப்பதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.)

ஆகவே மடங்காமல் இருக்கும் அளவுக்கு ஏற்ற வேண்டும், அதற்கு மேல் கூடாது. சாதாரணத் தெரு டயரில் முன்பக்கம் தாளில் உள்ளதைவிட ஐந்தாறு பி.எஸ்.ஐ. கூட்டித் தொடங்கி, சாக்பீஸைப் பார்த்து இரண்டிரண்டாக மாற்றுவேன். பின்பக்கத்தில் கதை தலைகீழ். முன்சக்கர இழுவைக் காரில் திருப்புவது, இழுப்பது, பெரும்பகுதி பிரேக் எல்லாம் முன்டயர்களின் தலையில்தான். பின்டயர்கள் சும்மா கூடவே வருகின்றன, உள்பக்கப் பின்சக்கரம் வளைவில் காற்றில் தொங்குவதும் உண்டு. கார் திரும்ப மறுத்து மூக்கை வெளியே நீட்டும்போது, பின்டயரில் வேண்டுமென்றே காற்றை அதிகம் வைத்துப் பிடிப்பைக் கொஞ்சம் கெடுப்பார்கள். வால் இளகினால் மூக்கு உள்ளே வரும். மழை பெய்தால் முதலில் திருத்த வேண்டியதும் அதைத்தான். நனைந்த தளத்தில் இளகிய வால் ஒரேயடியாகச் சுழன்றுவிடும்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டயரின் வெப்பம் ஐந்தரை டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. ஏறும். காலையில் அளந்த அளவு நண்பகலில் பொய்யாகிவிடும். இந்தப் பகுதியில் முதலில் ‘காற்றழுத்தத் தாழ்வு’ என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த நண்பர் புயல் எப்போது கரை கடக்கும் என்று கேட்டார். இப்போது ‘காற்றைக் குறைத்தல்’ என்றே இருக்கிறது.

காற்று ஒன்றுதான் வழி என்றும் இல்லை. டயரின் காலை அகட்டி நிற்க வைத்தாலும் மடங்குவது குறையும், அதாவது அகலமான ரிம். 195/50 ஆர் 15 டயரை (அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 50 விழுக்காடு, ரிம் 15 அங்குலம்) ஐந்தரை அங்குலம் முதல் ஏழு அங்குலம் வரை அகலமுள்ள ரிம்மில் மாட்டலாம். அதே டயர் ஐந்தரையில் தொளதொளவென்றிருக்கும், ஏழில் விறைப்பாக நிற்கும். 185/60 ஆர் 14 டயரிலிருந்து இதற்கு மாறினால் மொத்த விட்டம் 578 மில்லிமீட்டரிலிருந்து 576 ஆகிறது, வேகமானிகூடக் கண்டுகொள்ளாது. பக்கச்சுவரோ 111-லிருந்து 97.5 மில்லிமீட்டருக்கு இறங்குகிறது. உயரம் குறைந்த கணுக்கால் எளிதில் மடங்காது. அதற்காக 17 அங்குல ரிம் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. ரிம் பெரிதாகப் பெரிதாக எடை விளிம்புக்குப் போகிறது, விளிம்பில் ஏறும் ஒவ்வொரு கிலோவையும் நகர்த்த மட்டுமின்றிச் சுழற்றவும் வேண்டும்.

சில இடங்களில் விதியே கையைக் கட்டிவிடும். அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. அமைப்பின் தெருக்கார்ப் பிரிவில் ரிம்மின் அகலம் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததாகவே இருக்க வேண்டும், டயரின் தேய்மான எண் (கூடினால் மெதுவாகத் தேயும் என்று பொருள்) 200-க்குக் குறையக் கூடாது. அந்த எண்ணைத் தயாரிப்பாளர்களே குறித்துக்கொள்கிறார்கள் என்பதால் ஒரே 200-க்குள் ஒன்று கற்கண்டு, ஒன்று கருங்கல். அகலத்தை மாற்ற முடியாதவனுக்குக் கையில் மிஞ்சுவது காற்றுதான்.

> வழுக்கினால் கார் எப்படித் திரும்பும்?

சரியாகப் பிடித்தீர்கள். சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் இடையே உள்ள கோணம் அது. ரப்பர் முறுக்கிக்கொள்வதால் வருவது, அந்தக் கோணம் இல்லாமல் பக்கவிசையே பிறக்காது. ஜெர்மானியர் இதைச் ‘சாய்ந்தோடும் கோணம்’ என்ற பொருளிலும், பிரெஞ்சுக்காரர் ‘ஒதுங்கிப்போகும் கோணம்’ என்ற பொருளிலும் சொல்கிறார்கள். வழுக்கலை இதற்குள் கொண்டுவந்தது ஆங்கிலம். நாம் ஏன் அதைச் சுமக்க வேண்டும்? ‘விலகுகோணம்’ என்று எழுதுகிறேன். தெரு டயர்கள் பொதுவாக ஆறிலிருந்து பத்து டிகிரிக்குள் உச்சப் பிடிப்பைத் தரும், அதற்கு மேல் போனால்தான் வழுக்கல்.

சிங்கத்தைப் பற்றி: ‘தோள்மடிவு’ தலைச்சொல்லாக இருக்கட்டும். ஆனால் வாக்கியத்துக்குள் ‘மடங்குகிறது’ என்று வினையாக எழுத இடம் கொடுங்கள் ஐயா. ‘தோள்மடிவு ஏற்படுகிறது’ என்று எழுதக் கை வரவில்லை.

மடல் 4

தம்பி, வினைக்கு என்ன தடை? எழுதுங்கள். ‘ஏற்படுகிறது’ என்ற சொல்லைக் கண்டாலே எனக்கும் ஆகாது. ‘விலகுகோணம்’, ‘நடுவிலகல்’ இரண்டிலும் விலகல் வருவது மட்டும் உறுத்துகிறது. யோசித்து எழுதுகிறேன்.

மடல் 5

அனைவருக்கும் வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்றுப் பயிற்சி ஓட்டத்தில் என் தங்கை டயர்களைப் பார்த்துக்கொண்டாள். இந்த மடல்களை அவள் படித்ததில்லை. முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் ஜன்னல் வழியே, “வலது முன் மடங்குதா பார்” என்றேன். விளக்கம் எதுவும் கேட்கவில்லை. குனிந்து சாக்பீஸ் கோட்டைப் பார்த்தாள், “முக்கோணத்துக்கு ஒரு விரல் கீழே போயிருக்கிறது” என்றாள், பம்பை எடுத்தாள்.

நடுவிலகலுக்கு மாற்றாக ‘முகவிலகல்’ எப்படி? அதிலும் விலகல் இருக்கிறது என்பது எனக்கும் தெரிகிறது.