மறுமொழி: கேஜ், ஸ்கேல் இரண்டுக்கும் வேறு வேறு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

மாதிரி ரயில் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில், கேஜுக்கு, அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரத்துக்கு, குழுவின் ஐயா முன்வைத்த 'தட அளவி' எனக்கு உடன்பாடில்லை. ஸ்கேல் வேறு, அது நிஜ ரயிலை எத்தனை மடங்கு சிறிதாக்குகிறோம் என்ற விகிதம். அளவி என்றால் அளக்கும் கருவி. தண்டவாளங்களுக்கு நடுவே வைத்துச் சரிபார்க்கும் உலோகத் துண்டு இருக்கிறதே, அந்தப் பெயர் அதற்குத்தான் பொருந்தும்.

செங்கோட்டையில் மாதிரி ரயில் கட்டுகிற எங்களுக்கு ஆசையெல்லாம் 1904-இல் திறந்த செங்கோட்டை–புனலூர் மலைப்பாதைமீதுதான். கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தில் மீட்டர் கேஜ் வண்டி போக வேண்டும். 1000 மி.மீ. பாதையை 1:87-இல், அதாவது 87-இல் ஒரு பங்காக, சுருக்கினால் 11.5 மி.மீ. வருகிறது, விற்பனைக்குக் கிடைக்கும் 12 மி.மீ. தடம் போதும். அதே 12 மி.மீ. தடம் 1:120-இல் ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதையாகிவிடும்! எங்கள் மலைப்பாதையில் 2018-இல் முழுமையடைந்த 1676 மி.மீ. அகல ரயில்பாதைக்கோ 1:87-இல் 19.3 மி.மீ. தேவை, பரவலாகக் கிடைக்கும் 16.5 போட்டால் பாதை ஒடுங்கித் தெரியும். ஸ்கேல், கேஜ் இரண்டையும் 'அளவு' என்றே சொல்லிக்கொண்டிருந்தால், புதிதாக வருகிறவர் எதை நம்பித் தடம் வாங்குவார்?

ஸ்கேலுக்குச் 'சுருக்கம்', கேஜுக்கு 'உள்ளகலம்' என்று வைத்துக்கொள்ளலாம். அகலம் என்று மட்டும் சொன்னால் எங்கிருந்து எங்கே என்ற கேள்வி வரும். ஸ்லீப்பர்கட்டையின் நீளத்தை அளந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. கேஜ் என்பது தண்டவாளத் தலைகளின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம். தச்சர்கள் உள்ளளவு, வெளியளவு என்று பிரித்துச் சொல்வதைப்போல, இந்தச் சொல்லே அளக்க வேண்டிய இடத்தைக் காட்டிவிடுகிறது.

பராமரிப்பிலும் இது கைகொடுக்கும். வளைவில் பிளாஸ்டிக் கட்டையின் நடுவே ஆணியை இறுக்கி அடித்தால் கட்டை நடுவில் பள்ளமாகும், இரு தண்டவாளமும் உள்நோக்கிச் சாயும். பார்த்தால் தெரியாது. எஞ்சின் அந்த இடத்துக்கு வந்ததும் சக்கர விளிம்பு தண்டவாளத்தின்மேல் ஏறிக் கவிழும். 'அங்கே உள்ளகலம் குறைஞ்சிருக்கு, ஆணியைக் கொஞ்சம் தளர்த்து' என்றால் யாருக்கும் புரியும்.

ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு வண்டியைத் திருப்பும் பாயிண்ட்டுக்குச் சொல் தேட வேண்டாம். ரயில்வே ஊழியர் வாயில் அது எப்போதோ தமிழாகிவிட்டது. மாதிரி ரயில் ஓடும் முழு அமைப்பான லேஅவுட்டுக்குக் குழுவில் வந்த 'தளவமைப்பு' மட்டும் எனக்கு உவப்பில்லை. அச்சுப் பக்கத்துக்கு அது சரி. மலை, குகை, வயரிங், நிலையம் எல்லாம் ஏறிய பலகைக்கு 'தடக்களம்' பொருந்துமா? தென்மலைப் பக்க நண்பர்களும் சொல்லுங்கள்.