அப்பாவின் ராணுவப் பென்சன் 65 வயதில் ஏன் இவ்வளவு குறைந்தது?

ஸ்காபரோத்தம்பி:
வணக்கம் உறவுகளே, ஒரு உதவி. அப்பா கனடிய ராணுவத்தில், முழுநேர ரெகுலர் போர்ஸில், 25 வருடம் இருந்து 2015இல் சார்ஜன்ட்டாக ஓய்வு பெற்றவர். அண்மையில் 65 முடிந்தது. வரி பிடிப்பதற்கு முன், மாதம் 3,500 டொலருக்குச் சற்று மேலே வந்துகொண்டிருந்த பென்சன் இந்த முறை 2,700ஐக்கூடத் தொடவில்லை, கிட்டத்தட்ட 850 டொலர் காணாமல் போயிருக்கிறது. வந்த கடிதத்தில் பிரிட்ஜ் பெனிபிட் முடிந்துவிட்டது என்று ஒரே ஒரு வரி. "அதுக்குப் பதிலா சிபிபி (வேலை செய்பவர்கள் கட்டும் கனடிய அரசாங்கப் பொதுப் பென்சன்) வரும்" என்கிறார் அவருடைய கூட்டாளி, ஆனால் அப்பா 60 வயதிலேயே சிபிபி எடுக்கத் தொடங்கிவிட்டார், அதில் ஒரு சதமும் கூடவில்லை. கணக்கில் பிழை விட்டிருக்கிறார்களா? முறைப்பாடு செய்யலாமா?

பெட்டவாவாப்பழசு:
பிழை இல்லை தம்பி. அப்பாவுக்கு இவ்வளவு நாளும் வந்தது இரண்டு துண்டு. ஒன்று ஆயுள் முழுக்க வரும் பென்சன், மற்றது 65 வரைக்கும் மட்டும் தரும் பிரிட்ஜ். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வங்கியில் போடுவதால் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, 65 வந்தவுடன்தான் நெஞ்சு திக்கென்கிறது. சிபிபியை 60இல் எடுத்தாலும் 70இல் எடுத்தாலும் பிரிட்ஜ் 65இல் நிற்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லை. ஆக, அந்த ஐந்து வருடமும் அப்பா இரண்டையும் சேர்த்து வாங்கியிருக்கிறார், அது முழுக்கச் சட்டப்படிதான், யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

கணக்கப்பிள்ளை:
தொகை சரியா என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். பிரிட்ஜ் என்பது சேவை வருடம் × 0.625% × ஓய்வு பெற்ற வருடத்தையும் அதற்கு முந்திய நாலு வருடத்தையும் சேர்த்த சிபிபி சம்பள உச்சவரம்பின் (சிபிபிக்குக் கணக்கில் எடுக்கும் ஆகக்கூடிய வருடச் சம்பளம்) சராசரி. 2011 முதல் 2015 வரை அந்த வரம்பு 48,300, 50,100, 51,100, 52,500, 53,600. சராசரி 51,120. 25 வருடத்துக்கு 15.625%, ஆக வருடம் ஏறத்தாழ 7,988 டொலர், மாதம் 665. "665 எங்கே, 850 எங்கே" என்று கேட்பீர்கள். விலைவாசிப்படி பென்சன் ஏறும்போது பிரிட்ஜும் கூடவே ஏறும், 2023இல் மட்டும் 6.3%, 2024இல் 4.8% ஏறியது. 2015இலிருந்து எல்லாம் சேர்த்தால் 28% பக்கம் வரும், 665 அப்படியே 850ஐத் தொடும். உங்கள் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. 2012க்கு முதல் 65 ஆனவர்களுக்கு விகிதம் இதைவிடக் கூட, 2007 வரை 0.7%.

வன்னிக்குருவி:
என்ன கச்சிதம்? உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தவனிடம் வயது போன நேரத்தில் பறிப்பது கொள்ளை. பழைய ராணுவத்தார் எத்தனையோ வருடமாகக் கத்துகிறார்கள்.

பெட்டவாவாப்பழசு:
கத்தினார்கள்தான். நோவா ஸ்கோஷியா எம்பி பீட்டர் ஸ்டோபர் இதை நிறுத்தச் சொல்லி 2009இல் சி-201 என்ற மசோதாவையே கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. கோபம் எனக்கும் இருந்தது. ஆனால் 1966இல் சிபிபி வந்தபோது ராணுவத்தாரிடம் சிபிபிக்கும் ராணுவப் பென்சனுக்கும் இரண்டுக்குமே முழுதாகக் கழிக்காமல், அந்த உச்சவரம்புக்குக் கீழே உள்ள சம்பளத்துக்குப் பென்சன் பங்களிப்பைக் குறைத்தார்கள். குறைவாகக் கட்டினோம், 65க்குப் பிறகு குறைவாக வருகிறது. என்னைக் கேட்டால் கொள்ளை இதில் இல்லை, வேலையை விட்டுப் போகும் நாளில் இதை ஒருவரும் உட்கார்த்தி வைத்து விளங்கப்படுத்தாததுதான் பெரிய குறை.

ஸ்காபரோத்தம்பி:
நன்றி அண்ணை, இப்போது விளங்குகிறது. அப்போ அந்தக் கூட்டாளி சொன்ன சிபிபி? 65 ஆனதற்கு ஏதாவது கூடுமா?

கணக்கப்பிள்ளை:
கூடாது தம்பி. 65க்கு முதல் எடுத்தால் மாதத்துக்கு 0.6% வெட்டு, 60இல் எடுத்தால் 36%, அது ஆயுளுக்கும் அப்படியே. வருடா வருடம் விலைவாசி உயர்வு மட்டும் சேரும். ஆனால் முக்கியமான கேள்வி வேறு: ஓல்ட் ஏஜ் பென்சன், அதாவது 65 ஆனவர்களுக்கு அரசாங்கம் தரும் முதியோர் பென்சன், வருகிறதா?

ஸ்காபரோத்தம்பி:
இல்லையே. அது தானாக வரும் என்று அப்பா இருக்கிறார்.

கணக்கப்பிள்ளை:
அங்கேதான் ஓட்டை. 64 முடிந்த அடுத்த மாதம் இதைக் கவனிக்கும் அரசாங்க அலுவலகமான சர்விஸ் கனடாவிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்க வேண்டும். "உங்களைத் தானாகச் சேர்த்துவிட்டோம்" என்றிருந்தால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. கடிதமே வராவிட்டால், அல்லது விண்ணப்பிக்கச் சொல்லி வந்திருந்தால், அவரேதான் விண்ணப்பிக்க வேண்டும், வெளிநாட்டில் பிறந்து இங்கே வந்த நம்மவர்களில் பலருக்கு இந்த இரண்டாவது நிலைதான். பிந்தினால் 11 மாதம் வரைதான் பின்னோக்கித் தருவார்கள். 18 வயதுக்குப் பிறகு 40 வருடம் இங்கே இருந்தால்தான் முழுத்தொகை, இல்லையென்றால் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் நாற்பதில் ஒரு பங்கு. அப்பா எப்போது வந்தவர்?

ஸ்காபரோத்தம்பி:
1986இல்.

கணக்கப்பிள்ளை:
அப்ப நாற்பதில் 39 பங்கு. 2025இல் முழுத்தொகை மாதம் 735 டொலரளவில், அவருக்கு 715 பக்கம் வரும். ராணுவப் பென்சன் வாங்குகிறார் என்பதற்காக இதில் ஒன்றும் கழிக்கமாட்டார்கள். 2025க்கு நிகர வருமானம் 93,454ஐத் தாண்டினால்தான், தாண்டிய தொகையில் 15% திரும்பப் பிடிப்பார்கள், அப்பா அதற்குக் கிட்டவும் இல்லை. ஒன்று, இதற்கு வரி உண்டு, ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் மாதாமாதம் பிடிக்கமாட்டார்கள், ஏப்ரலில் ஒரேயடியாகக் கட்ட வரும்.

நயாகராக்கா:
இடையில் வருகிறேன், 65க்குக் கீழே உள்ளவர்கள் இதையும் கவனியுங்கோ. சிபிபியின் ஊனமுற்றோர் கொடுப்பனவு கிடைத்தால் பிரிட்ஜ் அந்த நாளிலிருந்தே நிற்கும். எங்கள் வீட்டுக்காரருக்கு அது பின் திகதியிட்டுத்தான் அங்கீகாரமானது, இடைப்பட்ட மாதங்களின் பிரிட்ஜைத் திருப்பிக் கட்ட வேண்டி வந்தது. மொத்தமாக வந்த காசை உடனே செலவழித்துவிடாதேங்கோ.

ஸ்காபரோத்தம்பி:
அலுமாரிக்குள் கடிதம் இருந்தது, விண்ணப்பிக்கச் சொல்லித்தான். இன்றிரவே ஒன்லைனில் போட்டுவிடுகிறோம். கடைசியாக ஒன்று: அப்பாவுக்கு ஏதும் நடந்தால் அம்மாவுக்கு இந்தக் குறைந்த தொகையில் பாதியா?

பெட்டவாவாப்பழசு:
இல்லை. துணைக்குரிய பங்கை, வெட்டு விழுவதற்கு முன் இருந்த முழுப் பென்சனில் பாதியாகத்தான் கணக்கிடுவார்கள், 65இல் விழுந்த வெட்டு அம்மாவின் பங்கைத் தொடாது. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் ஷெடியாக்கில் இருக்கும் அரசாங்கப் பென்சன் நிலையத்தில் கேட்டு, அம்மாவுக்கு வரக்கூடிய தொகையை எழுத்தில் வாங்கி வையுங்கோ.