போக்கரில் கையில் குயின்ஸ், எதிரே ஃபோர்-பெட்: உங்கள் அனுபவம் என்ன?

லாஸ் வேகாஸில் 2/5 டாலர் போக்கர் டேபிள் (சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பிளைண்டு 2, 5 டாலர்). என்னிடமும் எதிராளியிடமும் சுமார் 800 டாலர். முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்த இளைஞர் 20-க்கு ரெய்ஸ் செய்தார், அதாவது பந்தயத்தை ஏற்றினார். உட்கார்ந்ததிலிருந்தே கிட்டத்தட்ட பாதிக் கைகளுக்கு ரெய்ஸ் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். எனக்கு பட்டனுக்கு (டீலர் இடம்) முந்தைய இடம், கையில் குயின்ஸ், அதாவது இரண்டு குயின். 75 ஆக்கினேன். பிக் பிளைண்டில், அதாவது கட்டாய 5 டாலர் வைத்த இடத்தில், ஒரு பெரியவர். வெகுநேரமாக வந்த சீட்டையெல்லாம் ஃபோல்டு செய்து (கையை விட்டு விலகி) கொண்டே இருந்தவர், சிப்ஸை நிதானமாக எண்ணி 220 வைத்தார். பிளைண்டை முதலாவதாக எண்ணினால் இது நான்காவது பெட், அதாவது ஃபோர்-பெட். இளைஞர் உடனே விலகிவிட்டார்.

நானும் ஃபோல்டு செய்தேன். பெரியவர் சீட்டைக் காட்டவில்லை, கவிழ்த்தபடியே டீலரிடம் தள்ளிவிட்டார். அவரிடம் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியாது. ஆனாலும் நாளைக்கே அதே கை வந்தாலும் ஃபோல்டுதான் செய்வேன்.

காரணம் இதுதான். அப்படிப்பட்டவர் நான்காவது பெட் வைக்கிறார் என்றால் ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, ரொம்பப் போனால் ஏஸ்-கிங். நம் கையில் இரண்டு குயின் இருக்கும்போது ஏஸ் ஜோடி வர 6 வழி, கிங் ஜோடிக்கு 6, ஏஸ்-கிங்குக்கு 16. இந்த 28-க்கும் எதிராகச் சேர்த்துப் பார்த்தால் குயின்ஸ் ஜெயிப்பது சுமார் 40 விழுக்காடு. நான் ஆல்-இன் போனால், அதாவது இருப்பதையெல்லாம் வைத்தால், இன்னும் 725 போட வேண்டும், அவரும் ஈடாக வைத்தால் மொத்த பாட் (நடுவில் சேரும் பணம்) 1,622 ஆகும். போட்டதைத் திரும்ப எடுக்கவே கிட்டத்தட்ட 45 விழுக்காடு வேண்டும். அவர் விடாமல் கால் செய்தால் (அதே தொகையை ஈடாக வைத்தால்) ஒவ்வொரு முறையும் சராசரியாக 75 டாலர் நட்டம்.

இதே 220-ஐ அந்த இளைஞர் வைத்திருந்தால் யோசிக்காமல் எல்லாவற்றையும் தள்ளியிருப்பேன். அவரிடம் ஜாக்ஸும் பத்து ஜோடியும்கூட இருக்கலாம். அந்த இரண்டை மட்டும் சேர்த்தாலே 40 விழுக்காடு 52 ஆகிவிடுகிறது. என் சீட்டு மாறவில்லை, தொகையும் மாறவில்லை, ஆள் மட்டும்தான் மாறுகிறார். ஆன்லைனில் பழகிவிட்டு நேரடி டேபிளுக்கு வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் பணத்தை விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். சின்ன ஸ்டேக் டேபிள்களில் மூன்றாவது பெட்டே அபூர்வம், நான்காவது பெட்டில் பிளஃப் அதைவிட அபூர்வம்.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

மறுமொழி 1

அண்ணே, குயின்ஸ் சரி. கிங்ஸுக்கும் இதையே யாராவது எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். கோவாவில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பல் ஒன்றில் ஆடியது இது. கலகலப்பான டேபிள், ஸ்ட்ராடில் (சீட்டைப் பார்க்கும் முன்பே வைக்கும் கூடுதல் பந்தயம்) இல்லாத கையே இல்லை. எனக்கு முன்னால் ரெய்ஸ், ரீ-ரெய்ஸ் இரண்டும் வந்துவிட்டன. கிங்ஸோடு நான் நான்காவது பெட் வைத்தேன், ரீ-ரெய்ஸ் செய்தவர் ஆல்-இன். கால் செய்தேன். ஏஸ் ஜோடியைத் திருப்பினார். போர்டில் (நடுவில் திறக்கும் பொதுச் சீட்டுகளில்) ஒன்றும் வரவில்லை, 100 பிளைண்டு ஸ்டாக், அதாவது பிக் பிளைண்டைப் போல் 100 மடங்கு இருந்த என் சிப்ஸ், மொத்தமும் போனது.

அந்த கால் சரியான கால்தான் என்று இன்றும் சொல்வேன். நம்மிடம் கிங்ஸ் இருந்தால் ஏஸ்-கிங் வர 8 வழிதான் மிச்சம். ஏஸ் ஜோடி 6, குயின்ஸ் 6. இந்த மூன்றுக்கும் எதிராக நமக்கு 57 விழுக்காடு. ஒன்பது பேர் டேபிளில் மற்ற எட்டுப் பேரில் யாரிடமாவது ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பு 4 விழுக்காடுகூட இல்லை. ஆல்-இன் வந்த பிறகு அந்த வாய்ப்பு ஏறும், உண்மைதான். ஆனால் அந்த ஆள் குயின்ஸோடும் ஏஸ்-கிங்கோடும் தள்ளுகிறவராக இருந்தால் 100 பிளைண்டுக்கு கிங்ஸை விடுவதற்குக் காரணமே கிடையாது.

மறுமொழி 2

இரண்டு பேர் சொல்வதும் புரிகிறது. ஆனால் முதல் கையில் 145 மட்டும் கொடுத்து ஃபிளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) பார்த்திருக்கலாமே? பெரியவருக்குப் பிறகு பேசும் பொசிஷன் வேறு உங்களுக்கு இருந்ததே.

திரி தொடங்கியவர்

அதைத்தான் அங்கே அதிக நேரம் யோசித்தேன் நண்பரே. ஃபிளாப்பில் செட் (மூன்றாவது குயின்) ஒரு முறை விழுந்தால் ஏழரை முறை விழாது. பாட்டில் 317 கிடக்கிறது, அவரிடம் மிச்சம் 580. எல்லாவற்றையும் வாங்கினால்கூட 145-க்கு 897, அதாவது ஆறு மடங்குக்குக் கொஞ்சம் மேல். செட்டை மட்டும் நம்பிப் போக அது போதாது. சரி, ஒன்பது, ஆறு, இரண்டு என்று சின்னச் சீட்டாக ஃபிளாப் வந்தால்? ஏஸ்-கிங்காக இருந்தால் அவர் செக் செய்துவிட்டு ஒதுங்குவார், நமக்குப் பாட்டுக்கு மேல் எதுவும் வராது. ஏஸோ கிங்ஸோ இருந்தால் 580-ஐயும் தள்ளுவார், அதற்கு குயின்ஸை விட எனக்கு மனம் வராது.

இருவரிடமும் 2,000 டாலர் இருந்திருந்தால் கண்டிப்பாக கால் செய்திருப்பேன். செட் விழும் நாளில் அவரிடமிருந்து எடுக்க இன்னும் 1,780 இருக்கும்.