கெவேர் 98 கட்டையில் "பி.11.ஆர்.4.87." எந்தப் படை?

நூரம்பெர்க்வாசி: வணக்கம். ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே ஒரு சேகரிப்பாளரிடம் முதல் உலகப்போர்க் கால மௌசர் கெவேர் 98 ரைஃபிள் வாங்கினேன். சுட முடியாதபடி செயலிழக்கச் செய்தது, சான்றிதழ் இருக்கிறது. குழல் பொருந்தும் இடத்தின் மேல்பக்கம் கிரீடம், ஆம்பெர்க், 1907 என்று இருக்கிறது. அதற்கு மேலே 1920 என்றும் அடித்திருக்கிறார்கள். பின்கட்டையில் பதித்த வட்டத் தகட்டில் "பி.11.ஆர்.4.87." விற்றவர் 'ஆர்' என்றால் ரிசர்வ் படை என்றார். சரியா? எது செய்த வருஷம்? தகட்டில் கறை ஏறியிருக்கிறது, கம்பி பிரஷ் போடலாமா?

பழைய_தோட்டா: பிரஷை முதலில் கீழே வையுங்கள்! எழுத்தின் ஓரம் மழுங்கிவிட்டால் அது அசலா, பின்னால் எவராவது அடித்ததா என்று சொல்லவே முடியாது. இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் படம் எடுங்கள், போதும்.

குறி இதுதான்: பவேரிய (அப்போது தனிப் படை வைத்திருந்த ஜெர்மன் ராஜ்யம்) 11வது காலாட்படை ரெஜிமென்ட், 4வது கம்பெனி, 87ஆம் துப்பாக்கி. இங்கே ஒற்றை 'ஆர்' ரெஜிமென்ட்டைக் குறிக்கும். ரிசர்வ் ரெஜிமென்ட்டாக இருந்தால் 'ஆர்.ஆர்.' என்று இரண்டு வரும், லாண்ட்வேர் (வயதில் மூத்தவர்களின் துணைப்படை) என்றால் 'எல்' வரும். விற்றவர் அவசரப்பட்டுவிட்டார். ஒரு ரெஜிமென்ட்டில் 12 கம்பெனி, நான்கு நான்காக மூன்று பட்டாலியன், ஆகவே உங்களுடையது முதல் பட்டாலியன். அந்த ரெஜிமென்ட்டின் ஊர் ரேகன்ஸ்பூர்க். ஆம்பெர்க் பவேரிய அரசின் சொந்த ஆயுதத் தொழிற்சாலை, எனவே துப்பாக்கியும் குறியும் ஒத்துப்போகின்றன.

செய்தது 1907. 1920 என்பது போருக்குப் பின் வந்த ஜெர்மன் குடியரசு, அதாவது வைமர் அரசு, தன் கையிருப்பு ஆயுதங்களில் அடித்த உடைமை முத்திரை. இது இருந்தால் போருக்குப் பின்னும் அரசிடமே இருந்த துப்பாக்கி என்று பொருள்.

நூரம்பெர்க்வாசி: மிக்க நன்றி அண்ணா. அப்படியானால் 87 தொழிற்சாலை வரிசை எண் இல்லையா? குழலில் வேறொரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கின்றன. அப்புறம், விற்றவர் கூடவே ஒரு பயனெட்டும் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) தந்தார், "அதே சிப்பாயுடையது" என்று. அதன் முதுகில் கிரீடம், டபிள்யூ, 15.

பழைய_தோட்டா: குழலில் இருப்பதுதான் வரிசை எண். 87 கம்பெனிக்குள் கொடுத்த எண். போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) உள்ள எண் குழலோடு ஒத்துப்போகிறதா பாருங்கள், மாற்றிய போல்ட்தான் அதிகம் கிடைக்கும்.

கத்தி_உறை: பயனெட் கதையை நம்பாதீர்கள். டபிள்யூ, 15 என்றால் பெரும்பாலும் இன்னொரு ஜெர்மன் ராஜ்யமான பிரஷ்யா 1915இல் தன் படைக்கு ஏற்றுக்கொண்டது. பவேரியா ஏற்றுக்கொண்டிருந்தால் டபிள்யூவுக்குப் பதில் 'எல்' இருக்கும். போர்க்களத்தில் கலந்திருக்கலாம்தான், ஆனால் "அதே சிப்பாய்" என்பதற்கு ஆதாரமே இல்லை. கைக்காப்புக் குறுக்குக் கம்பியில் படைக்குறி இருக்கிறதா பாருங்கள்.

பழைய_தோட்டா: ஆள் பெயர் வேண்டுமென்றால் பவேரியா என்பது உங்கள் அதிர்ஷ்டம். பிரஷ்யப் படை ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் எரிந்துபோயின. பவேரியப் போர் ஆவணங்கள் மியூனிக்கில் இருக்கின்றன, சிப்பாய்ப் பதிவேடுகளும் சேர்த்து. 87 யாருடையது என்று அதில் தெரியாது, அந்த ஆசையை விடுங்கள். 4வது கம்பெனியில் யார் யார் இருந்தார்கள் என்று தேடலாம்.

நூரம்பெர்க்வாசி: கம்பியில் எழுத்து எதுவும் இல்லை. போல்ட் எண்ணும் வேறு. தகட்டைத் தொடவில்லை!